உறைக்குள் என்ன இருந்தது: ஜாம்பிக் கதையை வைத்துப் பன்னாட்டு அரசியல் கற்பித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இளங்கலை இரண்டாம் ஆண்டு அரசியல் அறிவியல் வகுப்பு. மாணவர்கள் 36 பேர். தாள், பன்னாட்டு அரசியல் கோட்பாடுகள். இதைப் பல ஆண்டுகளாக ஒரே வரிசையில்தான் நடத்திவந்தேன். முதலில் யதார்த்தவாதம் (அரசுகள் அதிகாரத்துக்கும் பாதுகாப்புக்கும் போட்டியிடுகின்றன என்பது), அடுத்து தாராளவாதம் (விதிகளும் நிறுவனங்களும் ஒத்துழைப்பைத் தரும் என்பது), பிறகு கட்டமைவுவாதம் (நாடுகளின் உறவு அவை தாமே உருவாக்கிக்கொள்வது என்பது), நேரம் மிஞ்சினால் பின்காலனியச் சிந்தனை (காலனியாட்சி விட்டுச்சென்றதை ஆராய்வது). நேரம் மிஞ்சியதே இல்லை.

தேர்வில் மாணவர்கள் ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் ஐந்தாறு கூறுகளை மளமளவென்று எழுதிவிடுவார்கள். ஒரே நிகழ்வைக் கொடுத்து, இவற்றில் எது அதை நன்றாக விளக்குகிறது என்று கேட்டால், "ஒவ்வொன்றும் அதனதன் நோக்கில் சரியே" என்று முடித்துவிடுவார்கள். என்னை உறுத்தியது அந்த ஒரு வரிதான். ஒன்றையொன்று மறுக்க வேண்டிய கோட்பாடுகள் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தன.

உண்மையான போர்களை எடுத்துக்காட்டாக வைத்தும் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். யார் பக்கம் நியாயம் என்ற வழக்கு நடக்குமே தவிர, அரசுகள் ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்ற கேள்வி எழாது.

ஜாம்பியைத் தேர்ந்தது ஏன்

யோசனை என்னுடையதல்ல. அமெரிக்கப் பேராசிரியர் டேனியல் டிரெஸ்னர் 2011-இல் இதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். செத்தவர்கள் எழுந்து நடந்தால் ஒவ்வொரு கோட்பாடும் என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் என்பதே அதன் கேள்வி. என்னை இன்னும் கவர்ந்தது அதே ஆண்டின் இன்னொரு ஆவணம். அமெரிக்க வியூகப் படைத் தலைமையகத்தில் இளம் அதிகாரிகளுக்குத் திட்டமிடல் கற்பிக்க, ஜாம்பிகளுக்கு எதிரான ஒரு முழு ராணுவத் திட்டம் எழுதப்பட்டது. எண் 8888. பயிற்சிக்கு ஓர் உண்மையான நாட்டின் பெயரைப் போட்டால், மக்கள் அதை மெய்யான போர்த் திட்டம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஜாம்பி என்றால் அந்தச் சிக்கல் இல்லை. என் வகுப்பின் சிக்கலும் அதுவே. ஜாம்பிக்காகப் பரிந்து பேச யாரும் எழமாட்டார்கள்.

புள்ளியியல் கற்பிக்கும் சக ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு அழைத்தேன். தொற்று எந்த வேகத்தில் பரவ வேண்டும் என்ற விதியை அமைத்தவர் அவர். ஜாம்பித் தொற்றைக் கணிதமாக ஆராய்ந்த 2009-ஆம் ஆண்டுக் கனடிய ஆய்வொன்றை அவர் எடுத்துவந்தார். தனிமைப்படுத்தலும் மருந்தும் தனித்துப் பயன் தராது, அடிக்கடி, அடிக்கு அடி வலுக்கூட்டித் தாக்கினால் மட்டுமே மனித இனம் தப்பும் என்பது அதன் முடிவு. அந்தக் கணக்கை அப்படியே விதியாக்க வேண்டாம் என்று தீர்மானித்தோம். தாக்குவதே ஒரே வழி என்று ஆட்டத்தின் அடித்தளத்திலேயே எழுதிவிட்டால், மாணவர்கள் தாக்குவதைப் பார்த்து நாம் எதைக் கற்க முடியும்?

ஆறு மேசைகள், ஆறு நாடுகள். முதல் நாடு வல்லரசு. ஆறாவது நாடு ஒரு தீவு. மருந்துக் கிடங்கு அங்கே. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒவ்வொரு மேசைக்கும் மூடிய உறை ஒன்று போகும். உள்ளே வெள்ளை அட்டை இருந்தால் நாட்டில் தொற்று இல்லை, சிவப்பு இருந்தால் உண்டு. அதைச் சொல்வதும் மறைப்பதும் அந்த நாட்டின் விருப்பம். எல்லையை மூடலாம், படையை நகர்த்தலாம், உதவி கேட்கலாம். ஒரு சுற்றில் பல முறைகள் உண்டு. ஒவ்வொரு முறையின் முடிவிலும் பொது அவை கூடும்; பேச ஆளுக்கு 2 நிமிடம்.

முதல் சுற்று

உறைகளில் இரண்டு சிவப்பு அட்டைகள். ஒன்று 3-ஆம் நாட்டுக்கு, மற்றொன்று 5-ஆம் நாட்டுக்கு.

3-ஆம் நாடு முதல் அவையிலேயே எழுந்து உண்மையைச் சொன்னது. அடுத்த நிமிடமே நான்கு நாடுகள் அதனோடு எல்லையை மூடின. வணிகத்தைக் குறிக்கும் அதன் வில்லைகள் பத்திலிருந்து மூன்றாகக் குறைந்தன. பக்கத்து மேசையிலிருந்து இதைப் பார்த்த 5-ஆம் நாட்டின் தலைவர் தன் சிவப்பு அட்டையை எடுத்து நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மூடியதை நான் பார்த்தேன். அடுத்த மூன்று அவைகளிலும் "எங்கள் நாட்டில் தொற்று இல்லை" என்று முகம் மாறாமல் சொன்னார். உண்மை வெளிவந்தபோது தொற்று இன்னும் இரண்டு நாடுகளுக்குப் பரவியிருந்தது.

பிறகு நடந்த கலந்துரையாடலில் எல்லையை மூடிய ஒரு மாணவர் சொன்னது: "ஜாம்பிக்குப் பயந்து மூடவில்லை, மேடம். பக்கத்து நாடு மூடிவிட்டது. நாங்கள் மட்டும் திறந்துவைத்தால் எல்லாரும் எங்கள் வழியாகத்தானே வருவார்கள்?"

இந்த இடத்தில் உண்மை வரலாற்றை உள்ளே கொண்டுவந்தேன். 2002 இறுதியில் சீனாவில் சார்ஸ் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்துக்கு முறையான தகவல் போனது 2003 பிப்ரவரியில். அந்த அனுபவத்துக்குப் பிறகு திருத்தப்பட்ட 2005-ஆம் ஆண்டுச் சர்வதேசச் சுகாதார விதிகளின்படி, பன்னாட்டு அளவில் ஆபத்தாகக்கூடிய நோய்ப் பரவலை மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் நாடுகள் தெரிவித்தாக வேண்டும். 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா புதிய கொரோனா திரிபைக் கண்டுபிடித்து உடனே உலகுக்குச் சொன்னது. சில நாட்களுக்குள் பல நாடுகள் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் விமானங்களை நிறுத்தின. 3-ஆம் நாட்டு மேசையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஒரு கேள்வி மட்டும் இடையிடையே வந்துகொண்டிருந்தது: "ஜாம்பியோடு ஒப்பந்தம் போட முடியாதா?" முடியாது. அச்சுறுத்தித் தடுக்க வேண்டுமென்றால் எதிரிக்கு இழக்க ஏதாவது இருக்க வேண்டும், இழப்பதற்கு அது பயப்படவும் வேண்டும். ஜாம்பிக்கு இரண்டும் கிடையாது. அதனால்தான் கண்களை ஜாம்பியை விட்டுப் பக்கத்து மேசைக்குத் திருப்பச் சொன்னேன்.

ஓர் ஆட்சேபம்

அன்று நான் செய்த பிழையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு நாடு விழுந்தால் அங்கிருந்து அகதிகள் கிளம்புவார்கள் என்று விதி வைத்திருந்தோம். அகதிகளைக் குறிக்கச் சின்னச் சின்னக் காகித வில்லைகள் வெட்டினேன். கையிருப்பில் இரண்டு வண்ணக் காகிதங்கள்தான் இருந்தன. வெள்ளை தீர்ந்துபோனதால் மிச்சமிருந்த சிவப்பிலேயே வெட்டினேன். எழுதி வேறுபடுத்தினால் போதும் என்று நினைத்தேன்.

ஆட்டத்தின் சூட்டில் யாரும் எழுத்தைப் படிக்கவில்லை. நிறத்தைத்தான் பார்த்தார்கள். 2-ஆம் நாட்டின் எல்லைக்கு ஏழு அகதி வில்லைகள் வந்தபோது, ஒரு மாணவர் அவற்றை அள்ளி ஜாம்பிக் குவியலில் போட்டு, "சந்தேகம் இருந்தால் சுட்டுவிடுவதே பாதுகாப்பு" என்றார். மேசை சிரித்தது. நானும் அடுத்த மேசையைக் கவனிக்கும் அவசரத்தில் அதைக் கடந்துபோனேன்.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்தார். "என் குடும்பம் ஒரு முறை எல்லையின் அந்தப் பக்கம் நின்றிருக்கிறது, மேடம். இன்று அந்த மேசையில் எங்களை எந்தக் குவியலில் போட்டார்கள் என்று பார்த்தேன்." குரலில் கோபமில்லை. ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை. தனக்கு அதில் பங்கு வேண்டாம் என்றுதான் சொன்னார். பார்வையாளராக இருந்து குறிப்பெடுக்கலாம், மதிப்பெண்ணில் குறை வராது என்றேன். அவருடைய கதையை வகுப்பில் சொல்லும்படி கேட்கவில்லை. அது என் பாடத்துக்கு உதவியிருக்கும் என்பதாலேயே கேட்கக்கூடாது என்று பட்டது.

சக ஆசிரியருக்கு இதில் வேறு கருத்து. "விளையாட்டை விளையாட்டாக விடுங்கள். அந்த மேசை செய்ததைத்தானே நாடுகளும் செய்கின்றன? அதையே பாடமாக்கலாம்" என்றார். பாடமாக்கலாம்தான். ஆனால் அந்த மாணவரின் கை ஜாம்பிக் குவியலை நோக்கிப் போனது ஒரு கொள்கை முடிவினால் மட்டுமல்ல, நான் வெட்டிய காகிதத்தின் நிறத்தாலும்தான். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாத ஒன்றை வைத்து என்ன பாடம் நடத்துவது?

இரண்டு மாற்றங்கள் செய்தேன். அகதி வில்லைகளை நீல நிறத்தில் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வயதும் தொழிலும் எழுதினேன்: 61, தச்சர்; 9, மாணவி. இரண்டாவதாக, நேரம் மிஞ்சாததால் எப்போதும் விட்டுப்போகும் பின்காலனியப் பாடத்தை முன்னுக்கு இழுத்து, ஜாம்பி எங்கிருந்து வந்தது என்று ஒரு மணி நேரம் பேசினேன்.

வந்த இடம் ஹைட்டி. பிரெஞ்சுக் காலனியாக இருந்த அந்தத் தீவுப் பகுதியில் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டங்கள் நடந்தன. 1791-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804-இல் விடுதலை பெற்றார்கள். அவர்களுடைய நம்பிக்கையில் ஜாம்பி என்பது யாரையும் கடிக்கும் உயிரல்ல. செத்த பிறகும் ஓய்வு கிடைக்காமல் இன்னொருவன் ஏவலுக்கு உழைத்துக்கொண்டே இருக்கும் உடல். அதாவது, அங்கே பயம் ஜாம்பியைப் பார்த்தல்ல, ஜாம்பியாக ஆகிவிடுவோமோ என்பது. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படைகள் ஹைட்டியை ஆக்கிரமித்திருந்த காலத்தில்தான் இந்தக் கதை அமெரிக்க வாசகர்களிடமும் திரையிடமும் போய்ச் சேர்ந்தது. கூட்டமாக வந்து மனித மாமிசம் தின்னும் இன்றைய உருவம் 1968-இல் வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' என்ற திரைப்படத்துக்குப் பிறகு நிலைபெற்றது. பாதிக்கப்பட்டவனைப் பற்றிய கதை, பாதிக்கப்பட்டவனைக் கண்டு நடுங்கும் கதையாகிவிட்டது.

தமிழில் நடைப்பிணம் என்று ஒரு சொல் இருக்கிறதே என்றார் ஒரு மாணவர். நல்ல கவனிப்பு. நாம் அதை உயிரோடிருந்தும் வாழ்விழந்தவரைப் பார்த்துத்தான் சொல்கிறோம். திரையில் வரும் ஜாம்பியைவிட ஹைட்டியின் ஜாம்பிக்கு அந்தச் சொல்லே நெருக்கம்.

இரண்டாம் சுற்று

ஒரு வாரம் கழித்து நடந்தது. அட்டைகளைக் கலைத்துப் போட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எத்தனை சிவப்பு என்று சொல்லவில்லை. உண்மையில் ஆறு உறைகளிலும் வெள்ளை அட்டைகள்தான். ஒரு ஜாம்பிகூட இல்லை.

இதைச் செய்யலாமா என்று நாங்கள் இருவரும் நெடுநேரம் விவாதித்தோம். பொய் சொல்லவில்லை, ஆனால் நம்பவிட்டோம். ஆட்டம் முடிந்த அன்றே உறைகளைத் திறந்து காட்டிவிடுவது என்ற நிபந்தனையோடு நடத்தினோம்.

முதல் அவையில் ஆறு நாடுகளும் தொற்று இல்லை என்றே சொன்னன. ஆறும் உண்மை. 4-ஆம் நாடு எழுந்து, "எல்லாரும் இல்லை என்றால், இருவராவது பொய் சொல்கிறார்கள்" என்றது. இரண்டாம் முறையில் மூன்று எல்லைகள் மூடப்பட்டன. தீவு நாடு தன் மருந்துக் கிடங்குக்குக் காவலாக இரண்டு படை வில்லைகளைத் துறைமுகத்தில் வைத்தது. மருந்தைத் தனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறது என்று முதல் நாடு அதைப் படித்துத் தன் படையைக் கடலோரத்துக்கு நகர்த்தியது. தீவு இன்னும் இரண்டு வில்லைகளை வைத்தது. ஐந்தாம் முறையில் வல்லரசு தாக்கியது.

உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் கவிழ்த்தேன். ஆறு வெள்ளை அட்டைகள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "மேடம், சிவப்பு அட்டை போட மறந்துவிட்டீர்களா?"

இத்தனை ஆண்டுகளில் வராத விவாதம் அன்று வந்தது. அரசியல் அறிஞர் ஜான் ஹெர்ஸ் 1950-இல் பெயரிட்ட பாதுகாப்பு இக்கட்டை நான் கரும்பலகையில் எழுதுவதற்குள் தீவு நாட்டு மேசை அதை விளக்கி முடித்திருந்தது: நாங்கள் காவலுக்கு வைத்தோம், அவர்கள் தாக்குதலுக்கு என்று படித்தார்கள். ஆனால் ஏன் என்பதில்தான் சண்டை. மேலே யாரும் இல்லாத உலகில் யாராக இருந்தாலும் இப்படித்தான் செய்வார்கள் என்றது ஒரு பக்கம். இது யதார்த்தவாதி கென்னத் வால்ட்ஸின் வாதம். சொன்னது மெய்யா என்று சோதிக்க வழியில்லாததே குறை, வழி இருந்தால் நடந்திருக்காது என்றது இன்னொரு பக்கம்; தாராளவாதத் தரப்பில் ராபர்ட் கியோஹேன் சொன்ன நிறுவனங்களின் பயன் இதுவே. முதல் சுற்றில் 5-ஆம் நாடு பொய் சொல்லியிராவிட்டால் இரண்டாம் சுற்றில் நம்பியிருப்போம் என்றது மூன்றாவது. அதாவது நம்பிக்கையின்மை உலகின் இயல்பல்ல, நாமே செய்துகொண்டது. மேலாட்சியின்மை (நாடுகளுக்கு மேலே அதிகாரம் எதுவும் இல்லாத நிலை) என்பது நாடுகள் அதை என்னவாக ஆக்குகின்றனவோ அதுதான் என்று 1992-இல் கட்டமைவுவாதி அலெக்சாண்டர் வென்ட் வாதிட்டதை அப்போதுதான் படிக்கக் கொடுத்தேன். "ஒவ்வொன்றும் அதனதன் நோக்கில் சரியே" என்று அன்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் சுற்று

சோதிக்க வழியிருந்தால் நடந்திருக்காது என்றவர்களின் வாதத்தைச் சோதிக்க, ஒரே ஒரு விதியைச் சேர்த்தோம். எந்த நாட்டையும் சாராத ஆய்வாளர் ஒருவர் முறைக்கு ஓர் உறையைத் திறந்து பார்த்து அவையில் அறிவிக்கலாம், அந்த நாடு சம்மதித்தால். பார்வையாளராக இருந்த மாணவி, ஆய்வாளர் வேலையைத் தனக்குத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூடிய எல்லைகள் குறைந்தன. ஆனால் வல்லரசு மேசை தன் உறையைத் திறக்க விடவில்லை. மற்ற ஐந்து நாடுகளும் அங்கே தொற்று உறுதி என்று முடிவு கட்டின. இருந்தது வெள்ளை அட்டை. ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டபோது, "எங்களை யார் சோதிப்பது?" என்று பதில் வந்தது. ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் 1998 இறுதியில் ஈராக்கிலிருந்து வெளியேறி, 2002 நவம்பரில் திரும்பும்வரை கழிந்த நான்கு ஆண்டுகளைப் பற்றியும், 2003 மார்ச்சில் போர் தொடங்கிய பிறகும் பேரழிவு ஆயுதக் கிடங்குகள் எதுவும் கிடைக்காததைப் பற்றியும் இதை ஒட்டிப் பேசினோம். ஈராக் வல்லரசல்ல என்று ஒரு மாணவர் குறுக்கிட்டார். சரியான குறுக்கீடு. மறுக்கும் வல்லரசுக்கும் மறுக்கும் சிறிய நாட்டுக்கும் நேர்வது ஒன்றல்ல.

தேர்வுத்தாளில் தெரிந்தது

கேள்வியில் ஜாம்பி இல்லை. 2007-இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்ப மறுத்ததை இரண்டு கோட்பாடுகளால் விளக்கி, எது மேல் என்று வாதிடச் சொன்னேன்.

பாதுகாப்பு இக்கட்டு, நம்பகத்தன்மை, ஆய்வு ஏற்பாடுகள் பற்றிய பகுதிகள் முந்தைய ஆண்டுகளைவிட மிக நன்றாக இருந்தன. ஒரு பக்கம் சாய்ந்து வாதிடத் தயங்கியவர்கள் குறைவு.

ஆனால் கணிசமானவர்கள் இந்தோனேசியாவை 5-ஆம் நாடாகவே எழுதினார்கள். நோயை மறைத்த நாடு என்றார்கள். இந்தோனேசியா மறைக்கவில்லை. தன் மாதிரிகளிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்கள் தயாரிக்கும் தடுப்பூசி தன் மக்களுக்கு எட்டாத விலையில் வரும் என்று எதிர்த்து, பகிர்வை நிறுத்தியது. அந்தப் பேரத்தின் தொடர்ச்சியாகத்தான் மாதிரிப் பகிர்வையும் பலன் பகிர்வையும் இணைக்கும் உடன்பாட்டை 2011-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. மேசையில் கண்ட காட்சி அவ்வளவு அழுத்தமாகப் பதிந்துவிட்டதால், கேள்வியிலேயே கொடுத்திருந்த தகவல்கள் கண்ணில் படவில்லை. அகதி வில்லைகளின் எழுத்தை யாரும் படிக்காததைப் போலவே.

இன்னொன்று, ஒரு தாளில்கூட ஒரு நாட்டுக்குள் இருக்கும் அரசியல் வரவில்லை. அமைச்சகங்களுக்கு இடையிலான இழுபறி, தேர்தல், நிறுவனங்களின் அழுத்தம் என்று எதுவுமே இல்லை. ஒரு நாட்டின் முடிவு அதன் உள்ளே நடக்கும் இழுபறியிலிருந்தும் பிறக்கிறது என்று 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியை வைத்து அரசியல் அறிஞர் கிரஹாம் அலிசன் காட்டியதை நான் நடத்தியிருக்கிறேன், நடத்தியது தெரியவில்லை. காரணம் எளிது. எங்கள் மேசைகளில் ஒரு நாடு என்றால் ஒரு மூளை. நாங்கள் அப்படித்தான் செய்து வைத்திருந்தோம்.

அடுத்த முறைக்கு

ஒவ்வொரு மேசையிலும் ஆறு பேருக்கும் தனித்தனிப் பொறுப்பும் தனித்தனி நலனும் இருக்கும்: தலைவர், படைத் தளபதி, சுகாதார அமைச்சர், எதிர்க்கட்சி, வணிகர், செய்தியாளர். சுகாதார அமைச்சர் மட்டுமே உறையைப் பிரிப்பார்; தலைவரிடம் என்ன சொல்கிறார் என்பது அவர் பாடு. உண்மை நிகழ்வை மறுவாரம் தள்ளாமல் ஆட்டம் முடிந்த அன்றே, ஆட்டத்தோடு எங்கே பொருந்தவில்லை என்று தேடச் சொல்லிக் கொடுப்பேன். காகிதம் முன்கூட்டியே நான்கு நிறத்தில் வாங்கியாகிவிட்டது.

இரண்டாம் சுற்றை என்ன செய்வது என்பது மட்டும் முடிவாகவில்லை. உறைகளில் ஒன்றுமே இல்லை என்ற செய்தி அடுத்த வகுப்புக்கு இதற்குள் போயிருக்கும். சக ஆசிரியர் ஒரு சிவப்பு அட்டை போடலாம் என்கிறார். போடலாம், அது யாருக்குப் போகிறதோ, அந்த நாடு எழுந்து சொன்னாலும் மற்ற ஐந்தும் சிரிக்கப்போகின்றன.